நோன்பும் இன்சுலினும்: மருந்தாளுநரின் பொறுப்பு

ரமலான் மாத நோன்பு இஸ்லாத்தின் ஐந்து கடமைகளுள் ஒன்று. அதை விதிக்கும் குர்ஆன் வசனங்களே (2:183 முதல் 185 வரை) விலக்கையும் சேர்த்துச் சொல்கின்றன. நோயாளியும் பயணியும் அந்த மாதத்தில் நோன்பை விட்டுவிட்டு, பிறகு வேறு நாட்களில் அதே எண்ணிக்கையில் நோற்றுக்கொள்ளலாம். என்றுமே நோற்க இயலாதவர் விட்ட ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்க வேண்டும். முன்னது ‘களா’, பின்னது ‘ஃபித்யா’. அடியாரைச் சிரமப்படுத்துவது கடமையின் நோக்கமல்ல என்ற காரணமும் அங்கேயே தரப்பட்டிருக்கிறது.

சட்டத்தில் குழப்பமில்லை. ‘நோயாளி’ யார் என்று தீர்மானிக்கும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. காய்ச்சலில் படுத்திருப்பவரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அவருக்கும் தெரியும், வீட்டாருக்கும் தெரியும். சர்க்கரை நோயாளி அப்படியில்லை. அவர் கடை திறக்கிறார், வண்டி ஓட்டுகிறார், ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்குப் போகிறார். வலி இல்லை, படுக்கை இல்லை. தன்னை நோயாளி என்று எண்ணிக்கொள்ளவே அவருக்கு மனம் வருவதில்லை. அவர் உடலில் இருக்கும் ஆபத்தோ வெளியே தெரியாத வகையைச் சேர்ந்தது. ஒரே நோய் உள்ள இருவரில் ஒருவர் கவலையின்றி முப்பது நோன்பும் நோற்கலாம். மற்றவர் முதல் நாள் மாலையிலேயே மயங்கி விழலாம்.

இந்த வேறுபாட்டின் பெரும்பகுதி அவர்கள் உட்கொள்ளும் மருந்தில் இருக்கிறது. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்வது அரிது. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள், வயிறு காலியாக இருக்கிறதா நிறைந்திருக்கிறதா என்று பாராமல் வேலை செய்யும். வெளியிலிருந்து செலுத்தப்படும் இன்சுலினும் அப்படியே. அதாவது, ஒரு மனிதருக்கு நோன்பு கடமையா, சலுகையா, விலக்கா என்ற மார்க்கக் கேள்விக்கான விடை பெருமளவு அவருடைய மருந்துச் சீட்டைப் பொறுத்தது. அந்தச் சீட்டை மாதந்தோறும் கையில் வாங்கிப் பார்ப்பவர் மருந்தாளுநர். மருத்துவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பவர்கூட மருந்துக்கடைக்கு மாதம் ஒருமுறையாவது போகிறார். இதய மருத்துவர் எழுதியது, சர்க்கரை மருத்துவர் எழுதியது, மூட்டு வலிக்குத் தாமாக வாங்கியது எல்லாம் ஒரே மேசையில் வந்து சேர்வது அங்கேதான்.

மருத்துவ அறிவின்றி மார்க்கத் தீர்ப்புச் சொல்வதன் ஆபத்தை இஸ்லாமிய மரபு மிகத் தொடக்கத்திலேயே கண்டிருக்கிறது. பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்பு கடமையானது. தண்ணீருக்குப் பதில் மண்ணால் தூய்மை செய்யும் சலுகை தமக்கு உண்டா என்று உடன்வந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் கிடைக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியபோது நபிகள் நாயகம் (ஸல்) தீர்ப்புச் சொன்னவர்களை மிகக் கடுமையாகக் கண்டித்தார்கள். அவரைக் கொன்ற பழியே அவர்கள்மீது சுமத்தப்பட்டது. தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா என்பது அந்தக் கண்டனத்தின் சாரம். அபூதாவூத் தொகுப்பில் இடம்பெறும் இந்நிகழ்ச்சியைச் சர்க்கரை நோயும் நோன்பும் பற்றிய எந்த விவாதத்திலும் முதலில் வைக்க வேண்டும். அந்தத் தோழர்களுக்குச் சட்டம் தெரிந்திருந்தது. காயத்தைப் பற்றித்தான் தெரியவில்லை.

இதனால்தான் சட்ட அறிஞர்கள் நோயின் ஆபத்தை உறுதிசெய்ய வழிகளை வகுத்தார்கள். நோயாளியின் சொந்த அனுபவம் ஒன்று, வெளிப்படையான அறிகுறி மற்றொன்று, தேர்ந்த மருத்துவரின் சொல் மூன்றாவது. ஹனஃபி என்ற சட்டப்பிரிவின் (மத்ஹபின்) பழைய நூல்கள் அந்த மருத்துவர் முஸ்லிமாகவும் நேர்மையாளராகவும் இருக்க வேண்டும் என்றன. வணக்கத்தின் மதிப்பு தெரியாதவர் அதைச் சுலபமாகக் கைவிடச் சொல்லிவிடுவாரோ என்ற அச்சம் அதன் பின்னால் இருந்தது. இக்காலத்து அறிஞர் பலர் திறமையும் நம்பகமும் போதும் என்கிறார்கள். அந்தப் பழைய அச்சத்தை ஒதுக்கிவிடவும் முடியாது. ‘உங்களுக்கு எதற்கு இதெல்லாம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும் மருத்துவரிடம் நோயாளி மறுமுறை கேட்பதில்லை; சொல்லாமலே நோன்பு வைத்துவிடுகிறார்.

ஆபத்து உறுதியாக இருக்க வேண்டுமா, இருக்கலாம் என்ற ஐயம் போதுமா என்பது இதில் உள்ள ஆழமான கேள்வி. ஃபிக்ஹு எனப்படும் சட்டவியல் இரண்டையும் ஏற்கவில்லை. வெறும் ஐயத்துக்காகக் கடமையை விடலாகாது. முழு உறுதி வரும்வரை காத்திருந்தால் அதற்குள் உயிர் போய்விடும். எனவே ‘மிகைத்த எண்ணம்’ என்ற இடைநிலை அளவுகோலை அறிஞர்கள் வைத்தார்கள். தீங்கு நேரும் என்பதன் பக்கம் அறிவு தெளிவாகச் சாய்ந்தால் அதுவே போதும். இன்றைய மருத்துவம் எண்களில் செய்வதும் இதையேதான். 2001-ல் 13 நாடுகளில் 12,243 சர்க்கரை நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ‘எபிடயர்’ ஆய்வு, ரமலானில் மருத்துவமனைக்குப் போகுமளவுக்குச் சர்க்கரை தாழும் நிகழ்வு முதல் வகை நோயாளிகளிடம் 4.7 மடங்கும் இரண்டாம் வகையினரிடம் 7.5 மடங்கும் கூடியதாகக் கண்டது. ஆனால் இரண்டாம் வகையினரில் மாதம் நூற்றுக்கு மூவர் அளவில்தான் அது நேர்ந்தது. முதல் வகையினரில் நூற்றுக்கு 14. இரு வகையையும் ஒரே தீர்ப்பால் அளக்க முடியாது என்பதை இந்த எண்களே காட்டுகின்றன.

ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 2009-ல் ஷார்ஜாவில் கூடியபோது இந்த வழியிலேயே சென்றது. சர்க்கரை நோயாளிகளை ஆபத்தின் அளவுப்படி நான்காகப் பிரித்து, மேலிரண்டு பிரிவினர் நோன்பு நோற்கவே கூடாது என்றும், மற்ற இரு பிரிவினர் நோன்பை விடலாகாது என்றும் தீர்மானித்தது. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பும் ‘சர்க்கரை நோயும் ரமலானும்’ என்ற மருத்துவர் கூட்டணியும் சேர்ந்து 2016-ல் வெளியிட்டு 2021-ல் புதுப்பித்த வழிகாட்டி, மதிப்பெண் முறையைத் தருகிறது. நோயின் வகை, காலம், மருந்து, முன்பு சர்க்கரை தாழ்ந்த வரலாறு, சிறுநீரக நிலை, வயது, வேலை என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. கூட்டுத்தொகை 3 வரை இருந்தால் குறைந்த ஆபத்து, 6 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சட்டக் கருத்தொன்றுக்கு இதைவிட நேர்மையான நவீன வடிவம் கிடைப்பது கடினம்.

இத்தனை சலுகை இருந்தும் மக்கள் ஏன் நோன்பு நோற்கிறார்கள்? அதே எபிடயர் ஆய்வில் இரண்டாம் வகை நோயாளிகளில் 79 சதவீதத்தினரும் முதல் வகையினரில் 43 சதவீதத்தினரும் குறைந்தது 15 நாட்களாவது நோன்பிருந்தார்கள். இதை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. ரமலான் தனி மனிதரின் உபவாசமல்ல. ஊரே சேர்ந்து வாழும் ஒரு மாதம். விடியலுக்கு முன் உண்ணும் சஹர் உணவுக்கு வீடு முழுவதும் எழுகிறது. மாலையில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சிப் பங்கிடுகிறார்கள். இரவில் தராவீஹ் தொழுகை. நாற்பது ஆண்டு நோன்பு வைத்த ஒருவர் திடீரென்று பகலில் அடுப்படியில் ஒளிந்து சாப்பிட நேர்ந்தால், தன் ஊரிலேயே அந்நியராகிவிட்டதாக உணர்கிறார். சலுகையை ஏற்பதும் கீழ்ப்படிதலே, தன் சலுகைகள் ஏற்கப்படுவதை இறைவன் விரும்புகிறான் என்ற நபிமொழியும் உண்டு என்று அவருக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல மார்க்க அறிஞரான ஆலிமே உரியவர். மருந்தாளுநர் அந்த மனநிலையை அறிந்து, கேலியோ சலிப்போ இல்லாமல் பேசினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

தன் உடலை ஆபத்துக்கு உள்ளாக்கும் உரிமை ஒருவருக்கு உண்டா என்பதில் மதமும் நவீன மருத்துவ அறமும் வேறு வேறு இடத்திலிருந்து தொடங்குகின்றன. மருத்துவ அறம் நோயாளியின் விருப்பத்தை முதன்மையாகக் கொள்கிறது. விளைவுகளை விளங்கச் சொன்ன பிறகு முடிவு அவருடையது. இஸ்லாமியப் பார்வையில் உடல் மனிதருக்குச் சொந்தமன்று, இறைவன் ஒப்படைத்த அமானிதம். அதை அழிவில் தள்ளுவது பாவம். அமானிதம் என்ற கருத்தின்படி உயர் ஆபத்து நோயாளியின் நோன்பு தியாகமாகாது. ஆயினும் நடைமுறையில் இரு பார்வைகளும் மருந்தாளுநரிடம் ஒன்றையே கோருகின்றன: உண்மையை முழுமையாகச் சொல்லுதல். நோன்பு வைக்காதே என்று தீர்ப்பளிக்க அவர் முஃப்தி அல்லர். தெரிந்தும் பேசாமல் மருந்தைக் கட்டிக்கொடுக்க அவர் வெறும் வியாபாரியும் அல்லர். தீர்ப்புச் சொல்பவருக்கும் நோயாளிக்கும் தேவைப்படும் உண்மை அவர் கையில் இருக்கிறது; அதை மறைப்பது சாட்சியத்தை மறைப்பதற்கு ஒப்பு. ஆபத்துக் குறைந்தவரைப் பயமுறுத்தி நோன்பை விடவைப்பதும் அதே அளவு தவறு. காரணமின்றி ஒருவரின் வணக்கத்தைப் பறிக்க மருத்துவத்துக்கு உரிமையில்லை.

மருந்துக்கடைக்காரரின் அறப் பொறுப்பு இந்த மரபுக்குப் புதிதல்ல. 11-ஆம் நூற்றாண்டில் அல்பிரூனி மருந்தியலுக்கென்றே ‘கிதாபுஸ் ஸைதனா’ என்ற பெருநூல் எழுதி, அதை மருத்துவத்திலிருந்து வேறான துறையாக நிறுத்தினார். சந்தைக் கண்காணிப்பாளருக்காக 12-ஆம் நூற்றாண்டில் சிரியாவில் ஷைஸரீ எழுதிய கையேட்டில் மருந்து விற்பவர்களுக்குத் தனிப் பகுதியே உண்டு. கலப்படத்தைக் கண்டுபிடிப்பதுடன் அவர்களுக்கு இறையச்சத்தை நினைவூட்டுவதும் அந்த அதிகாரியின் கடமைகளுள் ஒன்று. இந்தியாவில் 1948-ன் மருந்தாளுநர் சட்டமும் 2015-ன் மருந்தாளுநர் தொழில்முறை ஒழுங்குவிதிகளும் இன்றைய அடிப்படை. பின்னது, மருந்தை எடுத்துக் கொடுப்பதோடு நிற்காமல் நோயாளிக்கு ஆலோசனை கூறுவதையும் மருந்தாளுநரின் பணியாக வரையறுக்கிறது. பதிவுச் சான்றிதழ் சுவரில் தொங்க, மேசைக்குப் பின்னால் பயிற்சியில்லாத ஒருவர் நிற்கும் கடைகளில் இந்த விதிக்குப் பொருளே இல்லாமல் போகிறது. இதைச் சிறு குறையாக எண்ணிவிடக் கூடாது.

வேலை தொடங்க வேண்டியது ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பு, அதாவது ரஜப் மாதம் முடிந்து, ரமலானுக்கு முந்தைய மாதமான ஷஅபான் பிறப்பதற்குள். அப்போது மருந்தாளுநர் செய்யக்கூடியவற்றில் முதன்மையானது, மாத்திரையில் என்ன இருக்கிறது என்று விளக்குவது. இந்தியச் சந்தையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவது மிகச் சாதாரணம். ‘ஒரே ஒரு மாத்திரைதான் சாப்பிடுகிறேன், எனக்கு லேசான சர்க்கரை’ என்று சொல்பவர் உண்மையில் சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய மருந்தையும் சேர்த்தே விழுங்குகிறார். டாபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் போன்றவை சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும்போது நீரையும் சேர்த்து இழுக்கும். கூடவே இரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரையும் எடுக்கும் முதியவர் கோடைப் பகலில் பதின்மூன்று மணி நேரம் தண்ணீரின்றி இருந்தால் என்ன ஆகும் என்பதை இரு சீட்டுகளையும் ஒன்றாகப் பார்ப்பவரே முதலில் கவனிக்க முடியும். டாபாகிளிஃப்லோசின் வகை மருந்துகளை ரமலான் நெருங்கும்போது புதிதாகத் தொடங்கக் கூடாது. குறைந்தது இரண்டு வாரம் முன்பே தொடங்கிப் பழகியிருக்க வேண்டும்.

மருந்து நேர மாற்றங்களையும் முன்பு சொன்ன 2021 வழிகாட்டி தருகிறது. மூன்று வேளை மெட்ஃபார்மினில் இரு பங்கை நோன்பு திறக்கும்போதும் ஒரு பங்கைச் சஹரிலும் எடுக்கலாம். நாளொன்றுக்கு ஒருமுறை போடும் நீண்ட நேர இன்சுலினை 15 முதல் 30 சதவீதம் குறைத்து மாலையில் போடலாம். கலவை இன்சுலின் போடுபவர், வழக்கமான காலை அளவை நோன்பு திறக்கும்போதும், வழக்கமான இரவு அளவை 25 முதல் 50 சதவீதம் குறைத்துச் சஹரிலும் போடலாம். சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் வகைக்குப் பெரும்பாலும் மாற்றம் தேவையில்லை. இவை பொது வரம்புகள். தனி ஒருவருக்கு அளவை மாற்றும் அதிகாரம் மருத்துவருக்கே உண்டு. மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்தவர் விளைவுக்குப் பொறுப்பாவார் என்ற நபிமொழி மருந்தாளுநருக்கும் எல்லை வகுக்கிறது. ‘டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்’ என்று சொல்வதோடு நின்றுவிடாமல், மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து இந்த நோயாளி நோன்பு வைக்கப்போகிறார் என்று தெரிவிக்கும் மருந்தாளுநர் இந்த எல்லைக்குள் நின்றே மிகப் பெரிய உதவியைச் செய்கிறார்.

ரமலான் தொடங்கிய பிறகு கடைக்கு வரும் கேள்விகளில் பாதி மார்க்கக் கேள்விகள். ஊசி போட்டால் நோன்பு முறியுமா? விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கலாமா? இந்த ஐயத்தால்தான் பலர் நோன்பு வைத்துக்கொண்டு மருந்தையும் பரிசோதனையையும் ஒருங்கே நிறுத்துகிறார்கள். நோன்பைவிட ஆபத்தானது இது. முதல் வகை நோயாளி இன்சுலினை அடியோடு நிறுத்தினால் இரத்தம் அமிலமாகி உயிருக்கே முடிவு வரலாம். 1997-ல் ஜித்தாவில் கூடிய ஃபிக்ஹு அகாடமி, ஊட்டமாக ஏற்றப்படும் திரவங்கள் தவிர தோலிலோ தசையிலோ நரம்பிலோ போடும் ஊசியாலும், பரிசோதனைக்காக இரத்தம் எடுப்பதாலும் நோன்பு முறியாது என்று தீர்மானித்தது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபி மத்ஹபும், உள்நாட்டு ஊர்கள் பலவற்றில் ஹனஃபி மத்ஹபும் பின்பற்றப்படுவதால், உள்ளூர் ஆலிமான ஹஜ்ரத்திடம் முன்கூட்டியே கேட்டு, அவர் சொல்லை எழுதிவாங்கிக் கடையில் ஒட்டிவைப்பது நல்ல வழி. மருந்தாளுநர் தாமே ஃபத்வா சொல்லத் தேவையிராது, நோயாளியும் நிம்மதியடைவார்.

எப்போது நோன்பை முறித்தே ஆக வேண்டும் என்பதில் மட்டும் நெகிழ்வுக்கு இடமில்லை. சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலும் 300-ஐத் தாண்டினாலும், கை நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் தோன்றினாலும் உடனே முறிக்க வேண்டும். ஆபத்து மிகுவது பெரும்பாலும் மாலை நேரத்தில். ‘பாங்கு சொல்ல இன்னும் அரை மணி நேரம்தானே’ என்று பொறுத்துக்கொள்ளும் மனம் மிக இயல்பானது. உயிரைக் குடிப்பதும் அதுவே. நோயின் பொருட்டு முறித்த நோன்புக்குப் பரிகாரத் தண்டனை கிடையாது, பின்னர் ஒரு நாள் களாச் செய்தால் போதும். இதை ரமலானுக்கு முன்பே குடும்பத்தாரையும் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். சர்க்கரை தாழ்ந்த மூளையால் நியாயம் பேச முடியாது.

மருந்தின் மூலப்பொருள் பற்றிய கேள்வியும் இந்த மேசைக்குத்தான் வருகிறது. 1922-ல் இன்சுலின் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தப்பட்ட காலம் தொட்டுப் பல பத்தாண்டுகள் அது மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே கிடைத்தது. இந்துக்களுக்கு ஒன்றும் முஸ்லிம்களுக்கு மற்றொன்றும் மனத்தடையாக இருந்தன. உயிர் காக்கும் நிர்ப்பந்தம் என்ற விதியின் கீழ் அறிஞர்கள் அனுமதித்தார்கள். 1982-ல் நுண்ணுயிரியைக் கொண்டு தயாரித்த மனித இன்சுலின் சந்தைக்கு வந்தது. அந்தத் தர்மசங்கடம் இன்று ஏறக்குறைய மறைந்துவிட்டது. கேப்ஸ்யூல் உறையிலுள்ள ஜெலட்டின் பற்றிய ஐயம் தொடர்கிறது. பொருள் முற்றிலும் மாறிவிட்டதால் தூய்மையாகிறது என்போரும் ஏற்காதோரும் உண்டு. மருந்தாளுநர் இதில் தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லி, மாற்று இருந்தால் காட்ட வேண்டும். நோயாளியை மருந்து சாப்பிடவைக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்துக்காகக்கூடப் பொய் சொல்லலாகாது. ஒருமுறை பொய் வெளிப்பட்டால் அடுத்த மருந்தையும் அவர் நம்பமாட்டார்.

பிற மதங்களிலும் இதே கேள்வி எழுந்து, ஏறக்குறைய இதே விடையை அடைந்திருக்கிறது. யூதர்களின் யோம் கிப்பூர் நோன்பில், நோயாளிக்கு வல்லுநர்களின் சொற்படி உணவளிக்க மிஷ்னா இடம் தருகிறது. அவர் தாமே தமக்கு உணவு வேண்டும் என்றால், மருத்துவர்கள் மறுத்தாலும் ஊட்ட வேண்டும் என்பது தால்முதின் விளக்கம். இந்து மரபில், விரதத்தை முறிக்காதவை என எண்ணப்படும் எட்டுப் பொருள்களில் தண்ணீர், பழம், பால் ஆகியவற்றோடு மருந்தும் ஒன்று. ஏகாதசியோ சஷ்டியோ இருப்பவர் மாத்திரையைத் தவிர்க்கச் சாத்திரக் காரணம் ஏதும் இல்லை. ஆனாலும் தவிர்க்கிறார்கள். ரமலானில் கேட்கப்படும் கேள்விகளை மருந்தாளுநர் அவர்களிடமும் கேட்கலாம்.

என்றென்றும் நோன்பு இயலாது என்று முடிவாகும் நோயாளிக்கு ஃபித்யா உண்டு: ஷாஃபி மத்ஹபில் நாளொன்றுக்கு ‘முத்து’ என்னும் அளவில் ஒன்று தானியம், ஹனஃபியில் ‘ஸாவு’ என்னும் அளவில் அரை கோதுமை அல்லது அதன் விலை. மற்றவர்களுக்கு முடிவு எதுவானாலும் அது அந்த ஆண்டுக்கு மட்டுமே உரியது. ரமலான் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாட்கள் முன்னே நகர்வதால் பருவம் மாறுகிறது. அதைவிட வேகமாக நோயாளியின் சிறுநீரகமும் வயதும் மருந்துப் பட்டியலும் மாறுகின்றன. சென்ற ஆண்டு மருத்துவர் கொடுத்த அனுமதியை வைத்து இந்த ஆண்டு நோன்பு வைக்கக் கூடாது. வீட்டில் சர்க்கரை நோயாளி உள்ளவர்கள் ஷஅபான் பிறக்கும் முன்பே எல்லா மருந்துச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு மருந்தாளுநரிடமும் மருத்துவரிடமும் கேட்டுவிட்டு, அவர்கள் சொன்னதை ஆலிமிடம் கொண்டுபோக வேண்டும்.